ஐஇஎல்டிஎஸ் மேப் கேள்வி: 'டு தி நார்த்'தா, 'இன் தி நார்த்'தா?

திண்ணைவாசி:
நேற்று ஒரு யூடியூப் வீடியோ பார்த்தேன், பொறுக்க முடியவில்லை. வெளிநாட்டில் படிக்கவும் வேலைக்குப் போகவும் எழுதுகிற ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸில், அகாடெமிக் ரைட்டிங் டாஸ்க் 1இல் சில சமயம் இரண்டு மேப் கொடுப்பார்களே, ஓர் ஊர் அன்று எப்படி இருந்தது, பிறகு எப்படி மாறியது என்று 150 வார்த்தைக்குக் குறையாமல் எழுத வேண்டும். அதற்கு வழி காட்டுகிறேன் என்று ஒருவர் 40 நிமிடம் பேசிவிட்டுக் கடைசியில் சொல்கிறார்: திசை வந்தாலே 'டு தி நார்த் ஆஃப்' என்றுதான் எழுத வேண்டுமாம், 'இன் தி நார்த்' எழுதினால் பேண்ட் 6ஐ, அதாவது 9க்கு 6 மதிப்பெண்ணை, தாண்ட முடியாதாம். ஊருக்குள் இருக்கிற பள்ளிக்கூடத்தை 'டு தி நார்த் ஆஃப் தி டவுன்' என்று எழுதினால் பள்ளிக்கூடம் ஊர் எல்லையைத் தாண்டிப் போய்விடாதா? பதினோரு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இப்படி ஒரு விதியைக் கேள்விப்பட்டதே இல்லை.

பேண்ட்எட்டு:
அவரிடம் படித்தவன் நான். ரைட்டிங்கில் 8. எல்லோரும் பயிற்சி செய்கிற அந்தச் சுற்றுலாத் தீவு மேப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். உணவகம் எங்கே இருக்கிறது? வரவேற்பறைக்கு வடக்கே. 'டு தி நார்த் ஆஃப் தி ரிசப்ஷன்'. இதில் என்ன தப்பு என்று பதினோரு வருட அனுபவம் சொல்லட்டும்.

திண்ணைவாசி:
அதைத் தப்பு என்று யார் சொன்னது? உணவகம் வரவேற்பறைக்கு உள்ளே இல்லை, அதனால் அது சரி. அதே உணவகத்தை 'டு தி நார்த் ஆஃப் தி ஐலண்ட்' என்று எழுதிப் பாருங்கள். சாப்பிட வருகிறவன் நீந்திப் போக வேண்டியதுதான்.

பேண்ட்எட்டு:
ஆக, 'டு தி நார்த் ஆஃப்' சரி என்று ஒப்புக்கொண்டீர்கள். நன்றி, வணக்கம்.

சனிக்கிழமை_தேர்வு:
மன்னிக்கவும், நடுவில் ஒரு சந்தேகம். வரும் சனிக்கிழமை எனக்குத் தேர்வு. பயிற்சித் தாளில் ஒரு மேப், 1985, 2005 என்று இரண்டு படம். ஊரின் வடக்குப் பகுதியில் இருந்த கால்பந்து மைதானம் கார் பார்க்கிங் ஆகியிருக்கிறது. அதை ஒரே வாக்கியத்தில் எப்படி எழுதுவது?

திண்ணைவாசி:
சொல்கிறேன் தம்பி, இரு. முதலில் இவருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பேண்ட்எட்டு அவர்களே, நான் ஒப்புக்கொண்டது வரவேற்பறைக்கு, தீவுக்கு இல்லை. தமிழிலேயே இருக்கிறதே! 'ஊருக்கு வடக்கே ஏரி' என்றால் ஏரி ஊருக்கு வெளியே. 'ஊரில் வடக்குத் தெரு' என்றால் தெரு ஊருக்குள்ளே. நான்காம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும்.

பேண்ட்எட்டு:
எங்கள் பாட்டி வீட்டில் 'வீட்டுக்கு வடக்கே கிணறு' என்றுதான் சொல்வோம். கிணறு காம்பவுண்டுக்குள்தான் இருக்கிறது. வெளியே போய்விட்டதா என்ன?

திண்ணைவாசி:
கிணறு காம்பவுண்டுக்குள் இருக்கிறது. வீட்டுக்குள் இருக்கிறதா? கூடத்திலா இருக்கிறது?

பேண்ட்எட்டு:
வீடு என்றால் காம்பவுண்டும் சேர்த்துத்தான். பத்திரத்தில் எடுத்துப் பாருங்கள்.

இரவுப்பணி:
நான் இங்கிலாந்தில் நர்ஸ். எங்களுக்கு என்எம்சி (அங்கே நர்ஸ்களைப் பதிவு செய்கிற கவுன்சில்) பதிவுக்கு ரைட்டிங்கில் 6.5 வேண்டும், மற்ற மூன்றிலும் 7. முதல் தடவை எனக்கு மேப்தான் வந்தது. மூலையில் இருந்த திசைகாட்டி அம்பைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு கட்டடத்துக்கும் திசை போட்டு 210 வார்த்தை எழுதினேன். வந்தது 6. 'மொத்தத்தில் ஊர் எப்படி மாறியது' என்ற இரண்டு வரி ஓவர்வியூ எழுதவே இல்லை. போதாக்குறைக்கு டாஸ்க் 1க்கே 35 நிமிடம் போய்விட்டது, 20 நிமிடத்தில் முடித்திருக்க வேண்டும். டாஸ்க் 2 கட்டுரைக்கு இரண்டு மடங்கு மதிப்பு, அதை அவசரத்தில் கிறுக்கினேன். அடுத்த தடவை ஓவர்வியூவை இரண்டாவது பத்தியிலேயே வைத்தேன். 7 வந்தது. நீங்கள் சண்டை போடும் விஷயம் அவ்வளவு பெரியதில்லை என்று தோன்றுகிறது.

திண்ணைவாசி:
ஓவர்வியூ இருக்கட்டும் அம்மா, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த 210 வார்த்தையில் 'டு தி நார்த் ஆஃப் தி டவுன்' எத்தனை இருந்தது என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

பருத்தித்துறையான்:
வடக்கு பற்றி எங்களுக்கே வகுப்பா? பருத்தித்துறை இலங்கையின் வடக்கில் இருக்கிறது. இந்தியா இலங்கைக்கு வடக்கே இருக்கிறது. முதலாவது 'இன்', இரண்டாவது 'டு'. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

பேண்ட்எட்டு:
அது நாடு சார். தேர்வில் நாடா வருகிறது? ஊர், தீவு, நூலகம், காலேஜ் வளாகம், இவைதான் வரும்.

பருத்தித்துறையான்:
தீவு வரும் என்று நீங்களேதான் சொல்கிறீர்கள். இலங்கை வேறென்ன?

கோடுபோட்டவன்:
நான் சைட் பிளான் வரைகிறவன். எதை மையமாக வைத்துச் சொல்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்தால் பாதிச் சண்டை தீரும். வரவேற்பறையை வைத்தால் 'டு', தீவை வைத்தால் 'இன்', கரையை ஒட்டிய படகுத்துறை என்றால் 'ஆன் தி சவுத் கோஸ்ட்'. மூன்றும் ஒரே படத்தில் வரலாம்.

திண்ணைவாசி:
அதைத்தானே முதல் பதிவிலிருந்து சொல்கிறேன், 'இன்' என்று.

பேண்ட்எட்டு:
அவர் 'டு' என்றும் சொல்லியிருக்கிறார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

ரயில்பித்தன்:
மேப் என்றதும் ஞாபகம் வருகிறது. லண்டன் பக்கத்தில் சோர்லிவுட் என்ற கிராமம் வளர்ந்ததைக் காட்டுகிற பயிற்சி மேப் ஒன்று உண்டு. 1868இலிருந்து 1994 வரை. அதில் ரயில் பாதை 1909 என்று போட்டிருக்கும். உண்மையில் மெட்ரோபாலிட்டன் ரயில்வே அங்கே 1889 ஜூலையிலேயே போய்விட்டது. இருபது வருடத் தப்பு! இந்த மேப்பை வைத்துக்கொண்டு திசைக்கு அடித்துக்கொள்கிறீர்கள்.

கோடுபோட்டவன்:
தேர்வில் 1889 என்று எழுதிவிடாதீர்கள். தாளில் 1909 என்றால் 1909தான். 'மக்கள் தொகை பெருகியதால் வீடு கட்டினார்கள்' என்று காரணமும் சேர்க்கக் கூடாது, படத்தில் இருப்பது மட்டும்.

ரயில்பித்தன்:
தப்பான ஆண்டைத் தெரிந்தே எழுதச் சொல்கிறீர்களா? அதில் மோட்டார்வே 1970 என்றும் இருக்கிறது. லண்டனைச் சுற்றிப் போகிற எம்25 மோட்டார்வே முழுதாகத் திறந்ததே 1986இல்.

திண்ணைவாசி:
ஐயா, ரயிலுக்குத் தனித் திரி போடுங்கள். இங்கே பிரச்சினை வடக்கு.

சனிக்கிழமை_தேர்வு:
சார், அந்தக் கால்பந்து மைதானம்...

திண்ணைவாசி:
ஒரு நிமிடம் தம்பி. பேண்ட்எட்டு அவர்களின் பழைய பதிவுகளைத் தோண்டிப் பார்த்தேன். போன வருடம் இவரே எழுதியிருக்கிறார்: 'கனடா பிஆருக்காக ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் முடித்தேன், ரைட்டிங் 8.' ஜெனரலில் டாஸ்க் 1 கடிதம்! மேப்பே வராது! வீட்டு ஓனருக்குக் 'குழாய் ஒழுகுகிறது' என்று கடிதம் எழுதி 8 வாங்கியவர் எனக்கு மேப் சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறார்.

பருத்தித்துறையான்:
இது நல்லா இருக்கே.

பேண்ட்எட்டு:
ரைட்டிங் என்றால் ரைட்டிங்தான். இலக்கணம் ஜெனரலுக்கு ஒன்று, அகாடெமிக்குக்கு ஒன்றா? அப்புறம், பழைய பதிவு தோண்டுகிற வேலை எனக்கும் தெரியும். ஓவர்வியூவைக் கடைசியில்தான் எழுத வேண்டும் என்று இரண்டு வருடம் முன்பு ஒரு பெண்ணிடம் பிடிவாதம் பிடித்தது யார்? இந்த நர்ஸ் மேடம் இரண்டாவது பத்தியில் எழுதி 7 வாங்கியிருக்கிறார்.

திண்ணைவாசி:
கடைசியிலும் எழுதலாம் என்றேன். கடைசியில்தான் என்று சொல்லவில்லை.

பேண்ட்எட்டு:
'தான்' இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் போடட்டுமா?

இரவுப்பணி:
இரண்டு இடத்திலும் எழுதலாம். எழுதினால் போதும். இந்தத் தம்பிக்கு யாராவது பதில் சொல்லுங்களேன், எனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

திண்ணைவாசி:
சரி, தம்பி, எழுதிக்கொள்: 'தி ஃபுட்பால் கிரவுண்ட் இன் தி நார்த் ஆஃப் தி டவுன் ஹாஸ் பீன் கன்வெர்ட்டட் இன்டு எ கார் பார்க்.' 'இன் தி நார்த்' என்பதைக் கவனி. யார் செய்தார்கள் என்று படத்தில் இல்லை, அதனால் செயப்பாட்டு வினை. மைதானத்தை எடுத்துவிட்டு வேறு கட்டடம் கட்டியிருந்தால் 'ரிப்ளேஸ்ட் பை' போடலாம், இடித்திருந்தால் 'டிமாலிஷ்ட்'. மைதானத்தை யாரும் இடிக்க மாட்டார்கள், அங்கே அந்த வார்த்தையைப் போட்டுவிடாதே. போன மாதம் ஒரு பிள்ளை குளத்தை இடித்திருந்தது.

பேண்ட்எட்டு:
நிறுத்துங்கள். 1985, 2005 என்று தம்பி தெளிவாகச் சொன்னார். இரண்டுமே முடிந்துபோன ஆண்டு. 'ஹாஸ் பீன்' எப்படி வரும்? 'வாஸ் கன்வெர்ட்டட்' தானே? இரண்டாவது படம் 'இன்று' என்று இருந்தால்தான் 'ஹாஸ் பீன்'. வரப்போகிற திட்டம் என்றால் 'வில் பி'. கடிதம் எழுதியவனுக்கே தெரிகிறது.

திண்ணைவாசி:
ஆண்டைத் தம்பி பிறகு சேர்த்திருக்கிறார் போல.

சனிக்கிழமை_தேர்வு:
இல்லை சார், முதல் பதிவிலேயே இருக்கிறது.

திண்ணைவாசி:
இருக்கட்டும். மாற்றத்தின் விளைவு இன்னும் இருக்கிறது, அதனால் 'ஹாஸ் பீன்' என்றும் ஒரு வாதம் வைக்கலாம்.

பேண்ட்எட்டு:
'ஹாஸ் பீன்' எழுதினால் பேண்ட் 6ஐத் தாண்ட மாட்டீர்கள் சார்.

திண்ணைவாசி:
காலத்தைப் பிறகு பார்ப்போம். அந்த வாக்கியத்தில் 'இன் தி நார்த்' சரியா, தப்பா? அதை மட்டும் சொல்லுங்கள்.

பேண்ட்எட்டு:
கார் பார்க்கிங்குக்கு வடக்கே வந்து கேளுங்கள், சொல்கிறேன்.

திண்ணைவாசி:
பார்க்கிங்குக்கு வடக்கேயா, பார்க்கிங்கின் வடக்கிலா?