இரட்டைக் குழந்தை, பனிக்குட நீர்: எங்கள் அனுபவம், உங்களுடையதையும் எழுதுங்கள்

எனக்கு இரட்டைக் குழந்தை. நச்சுக்கொடி ஒன்று, பனிக்குடம் மட்டும் தனித்தனி. 12ஆம் வார ஸ்கேனிலேயே அதைப் பார்த்துவிட்டு, 16ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வரச் சொன்னார் டாக்டர். வீட்டில் எதற்கு இத்தனை ஸ்கேன் என்று கேட்டார்கள்.

19ஆம் வாரம் வயிறு திடீரென்று கிண்ணென்று ஏறியது, படுத்தால் மூச்சு முட்டியது. ஸ்கேனில் ஒரு பையில் நீரின் ஆழம் 2 செ.மீ.கூட இல்லை. இன்னொன்றில் 8 செ.மீ.க்கு மேல். தனித்தனியாக அளந்ததால்தான் தெரிந்தது, மொத்தமாகப் பார்த்திருந்தால் நார்மல் என்றே வந்திருக்கும். அந்த மாதத்தில் பனிக்குட நீர் என்பது பெரும்பாலும் குழந்தையின் சிறுநீர்தானாம். நச்சுக்கொடியில் இருவருக்கும் பொதுவான குழாய்கள் வழியே ஒருவனுடைய ரத்தம் மற்றவனுக்குப் போய்க்கொண்டிருந்தது. கொடுத்தவனுக்குச் சிறுநீர் வற்றிவிட்டது. வாங்கியவனுக்கு இதயத்தில் பாரம்.

சென்னைக்கு அனுப்பினார்கள். லேசரால் அந்தக் குழாய்களை அடைத்து, அதிகமாக இருந்த நீரையும் எடுத்தார்கள். இரண்டும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது என்பதை டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்கு இன்றும் நன்றி. 32ஆம் வாரம் பிறந்தார்கள், சின்னவன் 1.2 கிலோ. இருவரும் நன்றாக இருக்கிறார்கள்.

பதில்:
அக்கா, படிக்கும்போதே கை நடுங்கியது. எனக்கு நச்சுக்கொடி இரண்டு, ஆனாலும் ஒரு பாப்பாவுக்கு மட்டும் நீர் குறைந்தது. இளநீர் குடி, தண்ணீர் குடி என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். குடிக்கலாம், தப்பில்லை, ஆனால் அவள் பக்கத்து நச்சுக்கொடி சரியாக வேலை செய்யவில்லை, அதுதான் காரணம் என்றார் டாக்டர். டாப்ளரில் ரத்த ஓட்டம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டு, 33ஆம் வாரம் ஆபரேஷன். அந்த ஊசி போட்டிருந்ததால் மூச்சுக்கு அதிகம் சிரமப்படவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பதில்:
நான் பச்சிளங்குழந்தை வார்டில் நர்ஸ். ஒரே நச்சுக்கொடி இரட்டையர் வந்தால் சில சமயம் ஒன்று வெளுத்தும் ஒன்று நன்றாகச் சிவந்தும் இருக்கும். இருவருக்குமே ரத்த அளவு பார்ப்போம், சிறுநீர் எவ்வளவு போகிறது என்று கணக்கு வைப்போம், அதிக நீரில் இருந்த குழந்தைக்கு எக்கோவும் எடுப்போம். பிரசவத்துக்கு வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் தயவுசெய்து பழைய ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். நச்சுக்கொடி ஒன்றா இரண்டா என்று எழுதிய அந்த முதல் ஸ்கேன்தான் பல பேரிடம் இருப்பதில்லை. மாதம் ஏற ஏற அதை ஸ்கேனில் கண்டுபிடிப்பது கஷ்டம்.