புதுப்பிப்பு: பல்கலைக்கழக மாணவியின் கட்டணத்துக்கு எந்தக் கடன்?

நான் தொண்டூழியராக வழிகாட்டும் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர், தம் தந்தையின் மத்திய சேமநிதியிலிருந்து (சிங்கப்பூரில் ஊழியர்களுக்கான கட்டாயச் சேமிப்பு) கல்விக் கடன் எடுக்கலாமா என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "வட்டி எந்த நாளில் தொடங்குகிறது என்று முதலில் பாருங்கள்" என்ற ஒற்றை வரி யோசனைதான். சேமநிதிக் கடனில் பணம் எடுக்கப்பட்ட நாளிலிருந்தே சேமநிதியின் ஒரு பிரிவான சாதாரணக் கணக்கின் 2.5 விழுக்காட்டு வட்டி சேரத் தொடங்கிவிடுகிறது. கல்வி அமைச்சின் கல்விக் கட்டணக் கடனிலோ, சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மானியம் கழித்த கட்டணத்தில் 90 விழுக்காடு வரை கிடைப்பதோடு, படிப்பு முடியும்வரை வட்டியும் இல்லை. ஆகவே இரண்டாவதற்கே விண்ணப்பித்தோம்.

நாங்கள் எதிர்பாராத சிக்கல் உத்தரவாதத்தில் வந்தது. உத்தரவாதம் அளிப்பவர் 21 முதல் 60 வயதுக்குள் இருக்க வேண்டும், தந்தைக்கோ 62. சித்தப்பா கையெழுத்திட முன்வந்த பிறகே, இரண்டு வாரத் தாமதத்துடன் கடன் கிடைத்தது. விண்ணப்பிக்கும் முன்பே இதைக் கேட்காதது என் பிழை.

மீதி 10 விழுக்காட்டுக்கு மாணவி பல்கலைக்கழக உதவிநிதிக்கு எழுதியிருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை.

செலவுகளை மூன்று வாரம் எழுதிப் பார்க்கச் சொன்னவருக்கும் ஒரு செய்தி: உணவங்காடிச் செலவு நாங்கள் அஞ்சிய அளவுக்கு இல்லை. மாணவி மறந்தே போயிருந்த காதொலிக் கருவித் தவணை மட்டும் மாதம் 38 வெள்ளியை விழுங்கிக்கொண்டிருந்தது.