சதுப்பு வாயுவா, சாக்குப்போக்கா?

வேதாளம்:
பக்கத்து இழையில் ஒரு மேதாவி எழுதியிருக்கிறார்: "பொதுமக்கள் சொன்ன ஒவ்வொரு பறக்கும் தட்டையும் அமெரிக்க விமானப்படை அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்தது." சிரிப்புத்தான் வந்தது. 1966 மார்ச்சில் மிச்சிகனில் நடந்தது தெரியுமா? டெக்ஸ்டர் பக்கம் ஒரு விவசாயக் குடும்பமும் போலீஸ்காரர்களும் விநோத வெளிச்சத்தைப் பார்த்தார்கள். மறுநாள் ஹில்ஸ்டேல் கல்லூரி விடுதியில் எண்பதுக்கும் மேற்பட்ட மாணவிகள். பறக்கும் தட்டுப் புகார்களை விசாரிக்க விமானப்படை நடத்திய புளூ புக் திட்டத்தின் ஆலோசகர், வானியலாளர் ஹைனெக் வந்தார். 25ஆம் தேதியே டெட்ராய்ட்டில் நிருபர்களைக் கூட்டி 'சதுப்பு வாயு' என்றார், அதாவது சதுப்பில் செடிகொடி அழுகி வரும் எரிவாயு. அவ்வளவுதான் ஆராய்ச்சி!

கணக்குப்பிள்ளை:
அந்த மேதாவி நான்தான். புளூ புக்குக்கு வந்த புகார் மொத்தம் 12,618. அதில் 701க்கு விளக்கமில்லை என்று அவர்களே எழுதி வைத்தார்கள். மூடி மறைக்கிறவன் 701ஐ மட்டும் ஏன் வெளியே விடுகிறான்?

வேதாளம்:
701 கிடக்கட்டும். மார்ச் மாதம், மிச்சிகன் குளிர். சதுப்பு வாயு எப்படி எரியும்?

கணக்குப்பிள்ளை:
அதையும் ஹைனெக்கே சொன்னார் சார். குளிர்காலம் முழுக்கப் பனிக்கட்டிக்கு அடியில் அடைபட்ட வாயு, பனி உருகும்போது வெளியே வரும். இரண்டு இடமும் சதுப்புதான். அந்த இரண்டுக்கு மட்டும்தான் சொன்னார். பத்திரிகைக்காரர்கள் எல்லாத் தட்டுகளுக்கும் அதை ஒட்டிவிட்டார்கள்.

நெய்தல்:
எங்கள் பக்கம் இதைத்தான் கொள்ளிவாய்ப் பிசாசு என்பார்கள். பாட்டி சொல்லிப் பயமுறுத்துவாள்.

வேதாளம்:
நெய்தல் அக்கா, உங்கள் பிசாசு விடுதி ஜன்னலுக்கு எதிரே மணிக்கணக்கில் நிற்குமா? அந்த ஊர்க்காரர்கள் கொதித்தது சும்மாவா? ஜெரால்ட் ஃபோர்டே விசாரணை வேண்டும் என்று கடிதம் எழுதி, ஏப்ரல் 5இல் நாடாளுமன்றக் குழு கூடியது. எல்லாம் அந்தச் சதுப்பு வாயுவால்தான்.

கணக்குப்பிள்ளை:
ஃபோர்டு மிச்சிகன் எம்.பி. ஓட்டுக்காரன் கோபப்பட்டால் எம்.பி. கடிதம் எழுதத்தான் செய்வார். அது வேதியியல் ஆகாது.

வேதாளம்:
1952இல் விமானப்படை அதிகாரி ரப்பெல்ட் புளூ புக் பொறுப்பில் இருந்தபோது சாட்சிகளிடம் கேள்வித்தாள் கொடுத்து ஒழுங்காக விசாரித்தார்கள், அதை மறுக்கவில்லை. 1953 ஜனவரியில் உளவு அமைப்பான சி.ஐ.ஏ. கூட்டிய ராபர்ட்சன் குழு என்ற விஞ்ஞானிகள் குழு, மக்களுக்கு இதில் இருக்கிற ஆர்வத்தைக் குறைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அப்புறம் புகார் கொடுத்தவன் எல்லாம் ஏமாளி. வீனஸ், பலூன், சதுப்பு வாயு, போய் வா. பின்னாளில் ஹைனெக்கே புளூ புக்கைக் கிழித்துத் தொங்கவிட்டாரே!

கணக்குப்பிள்ளை:
சதுப்பு வாயு சொன்ன ஹைனெக் பொய்யர், பிறகு திட்டிய ஹைனெக் உத்தமரா? நல்ல நியாயம். பெர்முடா முக்கோண இழையிலும் இதே வித்தைதான் காட்டினீர்கள். நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

வேதாளம்:
பெர்முடாவில் யார் பாதியில் ஓடினார்கள் என்று ஊருக்கே தெரியும்.

செங்கோடன்:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் காண்டன் தலைமையில் பறக்கும் தட்டுகளை ஆராய்ந்து, இதில் அறிவியலுக்கு லாபமில்லை என்று சொன்னார்களே? அதை வைத்துத்தானே 1969 டிசம்பரில் புளூ புக் கடையை மூடினார்கள்?

வேதாளம்:
தம்பி, காண்டனுக்குத் தனி இழை திறவுங்கள், அங்கே வந்து பேசுகிறேன். இங்கே கேள்வி ஒன்றுதான். மார்ச் மாதம். மிச்சிகன். எது பற்றவைத்தது?

கணக்குப்பிள்ளை:
மேலே எழுதியிருக்கிறேன். படிக்கத் தெரிந்தால் படியுங்கள்.

வேதாளம்:
வாயு வெளியே வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பற்றவைத்தது யார்?