தினேஷுக்கு ஸ்பானிஷ்: வீட்டு வாட்ஸ்அப் குழுவில்

தினேஷ்: அக்கா, மெக்சிகோவுல குவாதலஹாராவுக்கு வர்றதுக்காக ஸ்பானிஷ் வாக்கியமும் இங்கிலீஷ் அர்த்தமும் போட்ட பிடிஎஃப் ஒண்ணு படிக்கிறேன். 'மே குஸ்தா எல் கஃபே'ன்னா 'ஐ லைக் காஃபி'யாம். ஆனா 'ஐ'க்கு 'யோ'ன்னுதானே வரணும்? அது எங்க போச்சு?

சித்ரா அக்கா: இங்கிலீஷ் வழியா போனா அங்கதான்டா சிக்கும். தமிழ்ல யோசி. எனக்குக் காபி பிடிக்கும். 'மே'ன்னா எனக்கு, 'குஸ்தா'ன்னா பிடிக்கும்.

தினேஷ்: அட, ஆமா!

சித்ரா அக்கா: தலைவலியும் அப்படித்தான். 'மே துவேலே லா கபேசா', எனக்குத் தலை வலிக்குது. பிடிச்சது பல இருந்தா 'குஸ்தா' 'குஸ்தான்' ஆயிடும்: மே குஸ்தான் லோஸ் மாங்கோஸ்.

பெரியப்பா: மாங்கோ நம்ம மாங்காதாம்மா. போர்ச்சுகீசியர் நம்ம பக்கத்துக் கரையில கேட்டுக் கொண்டுபோன பேரு.

சித்ரா அக்கா: ஆமாப்பா 😊 பசி வேற மாதிரி. 'தெங்கோ ஆம்ப்ரே'. இதுல 'எனக்கு' வராது, அப்படியே மனப்பாடம் பண்ணிக்கோ.

அம்மா: சித்ரா, இவன் கறி தொடமாட்டானே. குவாதலஹாராவுல ஹோட்டல்ல என்னன்னு கேப்பான்?

சித்ரா அக்கா: சித்தி, முக்கியமானதைக் கேட்டீங்க. 'சின் கார்னே'ன்னா கறி இல்லாம. அது மட்டும் போதாது. இங்க பலருக்கு கார்னேன்னா மாட்டுக்கறிதான், கோழியைப் போட்டுக் கொண்டுவந்து வச்சிடுவாங்க. 'நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ'ன்னு முழுசாச் சொல்லணும். கறி, கோழி, மீன் எதுவும் சாப்பிடமாட்டேன்னு அர்த்தம். மசிச்ச பீன்ஸ் சைவம்னு நம்பிடாதடா. அதைப் பன்றிக் கொழுப்புல வதக்குறது பழைய வழக்கம். 'தியேனே மந்தேக்கா?', அதாவது அந்தக் கொழுப்பு இருக்கான்னு கேட்டுட்டு அப்புறம் சாப்பிடு.

அம்மா: தினேஷ், இதைத் தனியா எழுதி வை. பர்ஸ்லயே இருக்கட்டும்.

பெரியப்பா: பெரியவங்களை நீ வா போன்னு பேசிடப் போறான். அங்க நீ, நீங்க உண்டா?

சித்ரா அக்கா: உண்டுப்பா. 'தூ'ன்னா நீ, 'உஸ்தெத்'ன்னா நீங்க. இங்கிலீஷ் அர்த்தத்துல ரெண்டுக்கும் 'யூ'ன்னுதான் போட்டிருக்கும். வீட்டு ஓனர், வயசானவங்க எல்லார்கிட்டயும் உஸ்தெத். சொன்னது காதுல விழலைன்னா 'கே?'ன்னு கேக்காத தினேஷ், 'மாந்தே?'ன்னு கேளு. மெக்சிகோவுல அதுதான் மரியாதை.

தினேஷ்: 'ப்ரொவேச்சோ'ன்னு ஒண்ணு இருக்கே?

சித்ரா அக்கா: சாப்பிடுறவங்களைக் கடந்து போறப்ப சொல்றது. முன்னபின்ன தெரியாதவங்களே சொல்லுவாங்க. எனக்கு இந்த ஊர்ல ரொம்பப் பிடிச்ச பழக்கம். நிமிர்ந்து பார்த்து 'கிராசியாஸ்', அதாவது நன்றி சொல்லிடு.

தினேஷ்: சரிக்கா. ஹோலா, ப்ரொவேச்சோ, கிராசியாஸ் 👍

சித்ரா அக்கா: வணக்கத்துக்கு ஹோலா இல்ல, ஓலா. எழுத்துல இருந்தாலும் அந்த 'ஹெச்'சுக்குச் சத்தம் கிடையாது. ராத்திரி வாய்ஸ் மெசேஜ் போடு, ஒவ்வொண்ணா கேட்டுச் சொல்றேன்.