முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்து வைப்பவர் யார்? பின்தங்கும் பிள்ளைகளும் வீட்டாரும்: அனுபவப் பகிர்வு

படுவான்கரை ரீச்சர்:
மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் எட்டாம் தரத்துக்கு வகுப்பாசிரியை, தமிழ் படிப்பிக்கிறேன். பெற்றார் கூட்டம் வைத்தால் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளின் தாய்மார் நேரத்துக்கே வந்து முன்வரிசையில் இருப்பார்கள். யாரைப் பார்க்கவென்று கூட்டம் வைத்தோமோ அந்த வீட்டிலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள். "அக்கறையில்லாத சனம்" என்று ஆசிரியர் அறையில் கதை முடிந்துவிடும். எனக்கு இந்தப் பேச்சில் உடன்பாடில்லை. அந்தப் பிள்ளையை வீட்டில் யார் பார்க்கிறார்கள் என்றே நமக்குத் தெரியாமல் இருக்கும்போது யாருடைய அக்கறையைப் பற்றிக் கதைக்கிறோம்? உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். என்னுடையது இது.

ஒரு பையன். திங்கட்கிழமை வரவே மாட்டான். வரவு இடாப்பைப் புரட்டினால் திங்கள் நிரலில் வரிசையாகச் சிவப்பு. தமிழ்ப் புத்தகத்தை வாசிக்கச் சொன்னால் பக்கத்தில் இருப்பவன் முணுமுணுப்பதைக் கேட்டுத் திருப்பிச் சொல்லுவான். கடிதம் அனுப்பினோம், பதில் இல்லை. அறிக்கையில் தகப்பனின் கையெழுத்து மட்டும் ஒவ்வொரு தவணையும் ஒழுங்காக வந்தது. பார்த்தவுடனேயே தெரிந்தது, அது பையனின் எழுத்து.

பகுதித் தலைவரும் உளவளத்துணை ஆசிரியரும் நானும் ஒரு பின்னேரம் வீட்டுக்குப் போனோம். அம்மம்மா முற்றத்தில் கிடுகு பின்னிக்கொண்டிருந்தா. எங்களைக் கண்டதும் எழும்பி, "என்ன ரீச்சர், பொடியன் என்ன செய்து போட்டான்?" என்று பதறினா. அவன் ஒன்றும் செய்யவில்லை, சும்மா பார்த்துப் போக வந்தோம் என்று சொல்லித் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை படிப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. பிறகு அவவாகவே சொன்னா. தாய் குவைத்தில் வீட்டு வேலை. தகப்பன் மாதவனைப் பக்கம் மாட்டுப் பட்டியில், மாதத்தில் முக்கால்வாசி நாள் அங்கேதான். சனிக்கிழமை அரிசி சாமான் கொண்டு போவது பையனின் வேலை. ஞாயிறு பின்னேரம் திரும்ப யானைப் பயம். திங்கள் விடிந்து பால் எடுக்க வருபவரின் மோட்டார் சைக்கிளில் ஏறி வந்து சேரப் பத்து மணியாகும். எங்கள் படலையோ ஏழரைக்குப் பூட்டப்படும்! பிந்தி வருகிறவனைத் திருப்பி அனுப்புவது எங்கள் ஒழுக்க விதி. அவன் ஏன் வீட்டிலேயே நின்றான் என்பதற்கு வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

அதிபரிடம் போய்க் கதைத்தோம். திங்களில் அவன் எத்தனை மணிக்கு வந்தாலும் உள்ளே விடலாம் என்றார். இடைவேளைக்குப் பின் வரும் பாடவேளையை, பின்தங்கியவர்களுக்கு விட்டதைத் திரும்பப் படிப்பிக்கும் பரிகாரக் கற்பித்தலுக்கு ஒதுக்கினோம். அப்படிப் பார்த்தால் அவன் ஒருவன் மட்டுமில்லை. 2020, 2021இல் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது சின்ன வகுப்புகளில் இருந்த பிள்ளைகள் இவர்கள். நல்ல போன் இருந்த வீட்டில் வட்ஸ்அப்பில் பாடம் வந்தது. இல்லாத வீட்டில் வாசிப்பு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அதே வகுப்பில் இன்னும் சிலர் அந்தப் பாடவேளைக்கு வந்து சேர்ந்தார்கள்.

தாயோடு கதைப்பதுதான் சிக்கல். அவவின் கையில் போன் கிடைப்பது வேலை முடிந்து இரவு பத்துக்குப் பிறகு. குவைத் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால், அப்போது இங்கே நடுச்சாமம் தாண்டிவிடும். ஆகவே பையன் ஒரு பந்தியை வாசித்து இமோ செயலியில் குரலாக அனுப்புவான், அவ தன் நேரத்துக்குக் கேட்டுப் பதில் அனுப்புவா என்று ஏற்பாடு செய்தோம். அம்மம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் பக்கத்தில் இருந்து, "மனே, அந்த இடத்தில ஏன் நிண்டு போன? மறுகா வாசி" என்பாவாம். திக்கினால் காது காட்டிக் கொடுத்துவிடும், அதற்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை.

மருதமுனை உம்மா:
ரீச்சர் எழுதியதை வாசித்தபோது அந்த அம்மம்மாவின் பதற்றம் எனக்கு நன்றாக விளங்கியது. என்னைப் பள்ளிக்கு அழைத்தபோதும் அப்படித்தான். மேசைக்கு அந்தப் பக்கம் நான்கு பேர், இந்தப் பக்கம் பிளாஸ்டிக் கதிரையில் நான் மட்டும். மகள் நான்காம் தரம், வாப்பா கட்டாரில். முந்திப் படித்த வகுப்புகளில் "கவனமில்லை, கனவு காண்கிறாள்" என்று சொல்லிச் சொல்லி நானும் வீட்டில் அதையே சொல்லி அவளுக்கு ஏசிக்கொண்டிருந்தேன்.

இந்த முறை வகுப்பாசிரியை புதியவர். புள்ளிகளைக் காட்டவே இல்லை. "வீட்டில் மகள் எதை நன்றாகச் செய்வா?" என்று கேட்டார். யாரும் கேட்காத கேள்வி, எனக்கு உடனே பதில் வரவில்லை. பிறகு சொன்னேன்: நான் தறியில் இருக்கும்போது பாவில் நூல் அறுந்தால் என்னைவிட முந்தி அவள் கண்டுபிடித்து முடிச்சுப் போடுவாள். ஆசிரியை நிமிர்ந்து உட்கார்ந்தார். இவ்வளவு கவனம் உள்ள பிள்ளை கரும்பலகையைப் பார்த்து மட்டும் ஏன் பிழையாக எழுதுகிறாள்? கிட்டத்தில் தெரிவது தூரத்தில் தெரியவில்லையோ என்று அவருக்குச் சந்தேகம்.

அன்றே முதல் வாங்குக்கு மாற்றினார்கள். நான்காம் தரத்துக்குப் பாடசாலை மருத்துவப் பரிசோதனை உண்டு. சுகாதாரப் பரிசோதகர் வந்த நாளில் பார்வையைக் குறிப்பாகப் பார்க்கும்படி ஆசிரியை சொல்லி வைத்திருந்தார். அங்கிருந்து கண் கிளினிக், பிறகு கண்ணாடி. கணக்கில் இன்னும் பின்னால்தான் நிற்கிறாள், கண்ணாடி போட்டவுடன் வாய்ப்பாடு மனதில் ஏறிவிடாதே. ஆனால் அவளுக்குக் கவனமில்லை என்று இனி யாரும் என்னிடம் சொல்ல முடியாது.

இளம் சேர்:
எல்லாம் நல்லது. ஒரு மாற்றுக் கருத்து. நான் நகரத்திலிருந்து குருமண்வெளிக்கு வந்து, பாதை என்கிற மிதவைப் படகில் வாவியைத் தாண்டி மண்டூருக்குக் கடந்து, அங்கிருந்து இன்னும் உள்ளே போகிறவன். ஒன்றரைக்கு மணி அடித்தால் பஸ், பிறகு பாதை. ஒன்றைத் தவறவிட்டால் வீடு சேர இருட்டிவிடும். மாரியில் கேட்கவே வேண்டாம். வகுப்பில் நாற்பது பேருக்கும் வீடு வீடாகப் போ என்றால் எப்படி? போகாத ஆசிரியருக்கு மனமில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

படுவான்கரை ரீச்சர்:
சரியான கேள்வி. நாற்பது வீட்டுக்கும் போகத் தேவையில்லை சேர், வராமலே இருக்கிற நாலைந்து பிள்ளைகளின் வீட்டுக்குப் போனால் போதும். அதுவும் நீங்கள்தான் போக வேண்டுமென்றில்லை. எங்கள் பாடசாலையில் ஊரிலேயே இருக்கிற ஆரம்பப் பிரிவு ரீச்சர் ஒருவ இருக்கிறா. யார் வீட்டில் யார் இருக்கிறார்கள், எத்தனை மணிக்கு வயலுக்குப் போவார்கள் என்பதெல்லாம் அவவுக்கு அத்துப்படி. அவ முன்னால் போய்ச் சொல்லி வைத்ததால்தான் எங்களுக்கு அந்தத் தேத்தண்ணி கிடைத்தது.

ஓய்வு பெற்ற அதிபர், திருக்கோவில் பக்கம்:
ஒன்று மட்டும் சொல்கிறேன். கூட்டத்துக்கு வராததற்குப் பாதிக் காரணம் காசு. வசதிக் கட்டணம் பாக்கி, சங்கத்துச் சந்தா பாக்கி, விளையாட்டுப் போட்டிக்கு ஏதோ பாக்கி. வந்தால் எல்லோர் முன்னாலும் பெயர் வாசிப்பார்கள் என்ற வெட்கம். நான் பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கதைக்கும் நாளில் பணப் பேச்சே எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டேன். கணக்குப் புத்தகம் அன்றைக்கு அலுமாரிக்குள். அடுத்த தவணை தகப்பன்மாரும் வந்தார்கள். நாளையும் பார்த்து வையுங்கள். நெல் வெட்டுக் காலத்திலும் கோயில் சடங்கு நாட்களிலும் கூட்டம் வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று புலம்புகிற பள்ளிக்கூடங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிரதேச செயலக உத்தியோகத்தர்:
சிறுவர் உரிமைகள் பகுதியில் வேலை செய்கிறேன். சட்டப்படி ஐந்து வயதிலிருந்து பதினாறு வயதுவரை பாடசாலைக் கல்வி கட்டாயம். பதினான்காக இருந்த எல்லையை 2016இல் உயர்த்தினார்கள். இதைச் சொல்லிப் பெற்றாரை மிரட்டுகிற கடிதங்கள் எங்கள் மேசைக்கும் பிரதியாக வரும். மிரட்டலில் வந்த பிள்ளை இரண்டு கிழமையில் திரும்பவும் நின்றுவிடும். கிராம உத்தியோகத்தரையும் எங்களையும் முதலிலேயே கூப்பிட்டால் பிறப்புச் சான்றிதழ் இல்லாதது, அஸ்வெசும என்ற அரச உதவிப் பணம் கிடைக்காதது, சப்பாத்து இல்லாதது போன்றவற்றுக்கு வழி தேடலாம். இவை வகுப்பறைக்குள் தீராத விஷயங்கள்.

ஆனால் ரீச்சருக்கு ஒரு எச்சரிக்கை. வீட்டாரோடு சேர்ந்து வேலை செய்வது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. பிள்ளை திடீரென்று ஒடுங்கிப் போகிறது, வீட்டுக்குப் போகப் பயப்படுகிறது, உடம்பில் காயம் இருக்கிறது என்றால் வீட்டாரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம். பிள்ளை உங்களிடம் சொன்னது அன்றிரவே வீட்டுக்குத் தெரிந்துவிடும், மறுநாள் அது வாய் திறக்காது. அதிபரிடம் சொல்லி எங்களுக்கோ, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கோ அறிவியுங்கள்.

மருதமுனை உம்மா:
ரீச்சர், அந்தப் பையனுக்கு என்ன செய்வதென்று எழுதி வைத்தீர்களா, வாய்ப்பேச்சுத்தானா? எங்கள் பள்ளியில் கதைத்ததெல்லாம் அடுத்த தவணை ஆசிரியர் மாறியவுடன் போய்விட்டது. நான் திரும்ப முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று.

படுவான்கரை ரீச்சர்:
அரைத்தாளில் எழுதி வைத்தோம். வீட்டில் பிள்ளையைப் பார்ப்பவர் யார், எந்த நேரத்தில் எந்த வழியில் அவரைப் பிடிக்கலாம், பாடசாலை எதைச் செய்யும், வீடு எதைச் செய்யும், திரும்ப எப்போது கதைப்போம். அவ்வளவுதான். "பெற்றார் அக்கறை காட்ட வேண்டும்" மாதிரியான வசனம் எழுத விடவில்லை. வாசித்துக் காட்டி அம்மம்மாவின் பெருவிரல் அடையாளம் எடுத்தோம். ஒரு பிரதி வீட்டில், ஒன்று பையனின் கோவையில், ஒன்றைப் படம் பிடித்துத் தாய்க்கு அனுப்பினோம். ஆசிரியர் மாறினாலும் கோவை மாறாது.

இப்போது சிறிய பந்திகளைத் தானாக வாசிக்கிறான், மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து வந்தால் தடுமாறுகிறான். பெரும்போக வெட்டுக்குச் சில நாட்கள் நின்றான், அது அடுத்த வருடமும் நடக்கும் என்றே நினைக்கிறேன். பட்டிக்குச் சாமான் கொண்டு போகும் வேலையை ஒன்று விட்ட கிழமையாவது மாமா செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறோம். தகப்பன் சித்திரை வருடப் பிறப்புக்கு வீட்டுக்கு வருவாராம், அப்போது நேரில் கதைக்க இருக்கிறோம்.