தோட்டத்து வீடு குழு: நாஸ் பெட்டி உள்ளே விடவில்லை

சித்தப்பா (கொழிஞ்சாம்பாறை): எல்லாருக்கும் வணக்கம். மாடியில் இருக்கிற நாஸ் பெட்டி (நம்ம போட்டோ, ஃபைல் எல்லாம் சேர்த்து வைக்கிற டிஸ்க் பெட்டி) காலையிலிருந்து உள்ளே விட மாட்டேன் என்கிறது. பாஸ்வேர்டு சரிதான். இடம் நிரம்பிவிட்டது, ரீஸ்டார்ட் செய்து பாருங்கள் என்று எழுதி வருகிறது. அதையும் செய்தாச்சு, திரும்பவும் அதேதான்.

சித்தப்பா: நாளைக்கு வில்லேஜ் ஆபீஸ் போகணும். ஆதாரம் (நிலப் பத்திரம்), கரம் (நிலவரி) கட்டின ரசீது எல்லாம் ஸ்கேன் பண்ணி அதில்தான் போட்டு வைத்தோம்.

அத்தை (வேலந்தாவளம்): அசல் பீரோவில் இல்லையா?

சித்தப்பா: அசல் பேங்க்கில் அக்கா. லோன்.

பெரிய மாமா: இடம்தானே பிரச்சினை? நான் இங்கேதான் இருக்கிறேன். கம்ப்யூட்டரில் போட்டோ ஃபோல்டர் திறக்கிறது. கல்பாத்தித் தேர் வீடியோவை எல்லாம் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வருகிறேன்.

நான்: மாமா, நிறுத்துங்க! ஒன்றையும் அழிக்க வேண்டாம். அந்த டிரைவில் எவ்வளவு காலியிடம் காட்டுகிறது, அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்க.

பெரிய மாமா: 1.7 டிபி காலி. அப்புறம் எது கண்ணு நிரம்பியது?

நான்: பெட்டி முதல் நாளே டிஸ்க்கைப் பிரித்துக்கொள்ளும் மாமா. நம்ம மாடலில் சிஸ்டத்துக்கு 2.4 ஜிபி தனியாக, ஸ்வாப்புக்கு (மெமரி போதாதபோது பயன்படுத்த) 2 ஜிபி தனியாக. மீதிதான் நமக்கு. லாகின் செய்யும்போது பெட்டி தன் பகுதியில் ஏதாவது எழுதியாக வேண்டும். அந்த 2.4 நிரம்பிவிட்டால் எழுத முடியாது, உள்ளேயும் விடாது. தேர் வீடியோ இருப்பது வேறு பகுதியில். எத்தனை அழித்தாலும் இந்தப் பக்கம் ஒரு எம்பி கூடக் காலியாகாது.

அத்தை: தோட்டம் எத்தனை ஏக்கர் இருந்தால் என்ன, மோட்டார் ரூமில் தேங்காயைக் குவித்தால் ஸ்டார்ட்டர் போட ஆள் நுழைய முடியாது. அந்தக் கதைதானே?

நான்: அதேதான் அத்தை. நான் இவ்வளவு எழுதியிருக்கவே வேண்டாம்.

சித்தப்பா: 8 டிபி டிஸ்க் இரண்டு வாங்கி மாட்டிவிட்டால்?

நான்: காசுதான் போகும் சித்தப்பா. சிஸ்டம் பகுதி ரெய்டு 1, இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நகல். புது டிஸ்க்கிலும் அதே 2.4 ஜிபியைத்தான், நிரம்பினது நிரம்பினபடி நகல் எடுக்கும்.

பெரிய மாமா: மொபைல் கடை சேட்டன் ஃபார்மேட் அடித்தால் சரியாகும் என்றாரே.

நான்: ஆகும். போட்டோவும் ஆதாரமும் சேர்ந்து போகும்.

பெரிய மாமா: சரி சரி. நான் அழித்ததெல்லாம் போச்சா?

நான்: பெட்டியில் ரீசைக்கிள் ஆன் செய்திருந்தால் அதே ஃபோல்டருக்குள் ரீசைக்கிள் என்ற பெயரில் இருக்கும். கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியில் தேடாதீங்க, அங்கே வராது.

பெரிய மாமா: இருக்கிறது. முருகா.

நான்: எஸ்எஸ்ஹெச் (வேறு கம்ப்யூட்டரிலிருந்து பெட்டிக்குள் போய்க் கட்டளை கொடுக்கிற வழி) ஆன் ஆகியிருக்கிறதா, யாருக்காவது தெரியுமா?

கோவை அண்ணன்: ஆன்தான். ராத்திரியில் தானாக யூஎஸ்பி டிஸ்க்குக்கு நகல் எடுக்கிற பேக்கப் ஸ்கிரிப்ட் போட்டபோதே ஆன் செய்தேன்.

நான்: தப்பித்தோம். இல்லாவிட்டால் பின்பக்க ரீசெட் ஓட்டையில் ஊசி விட்டு சிஸ்டத்தைத் திரும்ப நிறுவணும். டேட்டா போகாது, ஆனால் செட்டிங் போகும். போனில் சொல்லிச் செய்ய வைக்கிற வேலை இல்லை அது. பாப்பா, லேப்டாப்பை எடு. உள்ளே போய் முதலில் ரூட் (முழு அதிகாரம் உள்ள பயனர்) ஆகிக்கொள். அப்புறம் டிஎஃப், ஒரு இடைவெளி, மைனஸ் ஹெச். எந்தப் பகுதியில் எவ்வளவு இடம் என்று காட்டும். எழுத்து எழுத்தாக வாய்ஸ் நோட்டில் சொல்கிறேன்.

பாப்பா: வந்தது அக்கா. முதல் வரி எம்டி0. சைஸ் 2.3 ஜி, யூஸ்டு 2.3 ஜி, 100%.

நான்: அதுதான் நான் சொன்ன 2.4 ஜிபி சிஸ்டம் பகுதி, இங்கே 2.3 என்று காட்டும். இப்போது எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்க்க டியூ கட்டளை. மைனஸ் எக்ஸ் கட்டாயம். அது இல்லாவிட்டால் பெரிய பகுதிக்குள்ளும் நுழைந்து போட்டோவை எல்லாம் எண்ணும், பொழுது விடிந்துவிடும்.

பாப்பா: யூஎஸ்ஆர் 900 எம்பி சொச்சம். வார் 180 எம்பி. வால்யூம்யூஎஸ்பி1 என்று ஒன்று, 1.1 ஜி.

நான்: யூஎஸ்ஆர் சிஸ்டமேதான், தொடாதே. வாரில் லாக் ஃபைல் (பெட்டி தன் நடப்பை எழுதி வைக்கிற ஃபைல்) வீங்கியிருக்கும் என்றுதான் நினைத்தேன், அது ஒழுங்காகத்தான் இருக்கிறது. வால்யூம்யூஎஸ்பி1 என்பது யூஎஸ்பி டிஸ்க்குக்கான இடம். அந்த டிஸ்க் பெட்டியில் செருகியிருக்கிறதா?

பாப்பா: கறுப்பு டிஸ்க்கா? அது கீழே டிவியில் இருக்கு. அப்பா படம் பார்க்க எடுத்துட்டுப் போனாங்க.

அத்தை: 😂

சித்தப்பா: படம் இன்னும் பாதிதான் ஆகியிருக்கிறது.

நான்: கோவை அண்ணா, ஃபோல்டர் இல்லையென்றால் உருவாக்கிக்கொள் என்று ஸ்கிரிப்டில் வரி உண்டா?

கோவை அண்ணன்: உண்டு. ரூட்டாகத்தான் ஓடுகிறது.

நான்: அப்போ இதுதான் நடந்திருக்கிறது. டிஸ்க் இல்லாத ராத்திரியில் ஸ்கிரிப்ட் அதே பெயரில் ஒரு ஃபோல்டரை சிஸ்டம் பகுதியிலேயே உருவாக்கி, இடம் தீரும் வரை அதில் நகல் எடுத்துத் தள்ளியிருக்கிறது.

சித்தப்பா: சரி, டிஸ்க்கைக் கொண்டுபோய்ச் செருகிவிடட்டுமா?

நான்: இப்போ வேண்டவே வேண்டாம் சித்தப்பா. செருகினால் டிஸ்க் அந்த ஃபோல்டரின் மேலேயே வந்து உட்கார்ந்துகொள்ளலாம். அடியில் இருக்கிற 1.1 ஜிபி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், இடம் மட்டும் அடைத்தபடி இருக்கும். அதைவிட, அழிக்கிறோம் என்று டிஸ்க்கில் இருக்கிற நல்ல பேக்கப்பையே அழித்துவிடுவோம்.

நான்: பாப்பா, அதற்குள் என்னென்ன ஃபைல் என்று சைஸோடு எடு. வால்யூம்1-இல், அதாவது நம்ம போட்டோ இருக்கிற பெரிய பகுதியில், அதே ஃபைல்கள் இருக்கின்றனவா, ஒவ்வொன்றாகப் பார்.

பாப்பா: எல்லாம் அங்கேயும் இருக்கு. கடைசி வீடியோ மட்டும் இங்கே 61 எம்பி, அங்கே 340 எம்பி.

நான்: எழுதிக்கொண்டிருக்கும்போதே இடம் தீர்ந்து பாதியில் நின்றது அது. முழுசு வால்யூம்1-இல் பத்திரம். இப்போ அந்த யூஎஸ்பி ஃபோல்டரை அழிக்கலாம். பாதையை முழுசாக டைப் செய், நட்சத்திரக் குறி எங்கேயும் போடாதே. என்டர் தட்டும் முன்னால் திரையைப் போட்டோ எடுத்து இங்கே போடு.

பாப்பா: (போட்டோ)

நான்: சரி, தட்டு. முடிந்ததும் ரீஸ்டார்ட்.

பெரிய மாமா: பீப் அடித்தது. 

பாப்பா: லாகின் ஆயிருச்சு! சிஸ்டம் 54% காட்டுது.

சித்தப்பா: கரம் ரசீது கிடைத்தது, ஆதாரமும். பிரிண்ட் போடுகிறேன். டிஸ்க்கை இப்போ செருகலாமா கண்ணு?

நான்: செருகலாம் சித்தப்பா. அண்ணா, இன்றைக்கு ராத்திரிக்குள் ஸ்கிரிப்டை மாற்றிவிடுங்க. டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கிறதா (பெட்டியோடு இணைந்திருக்கிறதா) என்று முதல் வரியிலேயே பார்க்கணும், இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடணும். ஃபோல்டர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது.

கோவை அண்ணன்: மாற்றியாச்சு. டிஸ்க் இல்லையென்றால் ஓடாது, எனக்கு மெயில் வரும்.

சித்தப்பா: எனக்கும் அனுப்பச் சொல்.

பாப்பா: அப்பா மெயிலே பார்க்க மாட்டாங்க அண்ணா. நீங்க இந்தக் குழுவிலேயே சொல்லிடுங்க.