அரசு செய்திக்குறிப்பை எந்த அளவுக்கு நம்பி எழுதலாம்?

கேள்வி (புதிய நிருபர்):
வணக்கம். அண்மையில்தான் அரசியல் செய்திப் பிரிவுக்கு வந்தேன். அமைச்சகங்களின் செய்திக்குறிப்புகள் காலை முதல் இரவு வரை வந்து குவிகின்றன. "அரசே தருகிறது, அப்படியே போடலாம்" என்கிறார் ஒரு மூத்தவர். "அத்தனையும் பிரசாரம், தொடாதே" என்கிறார் இன்னொருவர். நான் எதைப் பின்பற்றுவது?

பதில் (நாடாளுமன்ற நிருபர்):
இரண்டையும் விட்டுவிடுங்கள். ஒரு செய்திக்குறிப்பு உறுதியாகச் சொல்வது ஒன்றைத்தான்: இந்தத் துறை இந்த நாளில் இப்படிக் கூறியது. அதை நீங்கள் தயங்காமல் எழுதலாம். அதில் சொல்லப்பட்டது நடந்ததா, நடக்குமா என்பது உங்கள் வேலை.

நிதி அறிவிப்புகளில்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன். ஒரு பெரிய தொகை தலைப்பில் இருக்கும். அது ஓராண்டுக்கா, ஐந்தாண்டுக்கா? சென்ற வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்ததே மறுபடியும் வருகிறதா? ஒதுக்கியதா, செலவழித்ததா? இரு மடங்கு வளர்ச்சி என்றால் எந்த ஆண்டோடு ஒப்பிட்டார்கள்? மிக மோசமான ஆண்டைத் தேர்ந்தெடுத்தால் எந்தத் துறையும் வளர்ந்ததாகத் தெரியும். உடனே அலுவலகத்தை அழைத்து, "இந்த எண் எந்த அறிக்கையில், எந்த அட்டவணையில் இருக்கிறது? ஆணையின் நகல் கிடைக்குமா?" என்று கேளுங்கள். மூல ஆவணம் கையில் இருந்தால் செய்தி உங்களுடையது.

வெளியிடும் நேரத்தையும் பாருங்கள். 2001 செப்டம்பர் 11 அன்று, நியூயார்க்கில் தாக்குதல் நடந்துகொண்டிருந்தபோதே, பிரிட்டன் அமைச்சர் ஒருவரின் ஆலோசகர், வெளியே தெரியாமல் புதைக்க வேண்டிய செய்திகளை வெளியிட இது மிக நல்ல நாள் என்று சக அலுவலர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். அது பின்னர் கசிந்தது. நாடே வேறெதையோ பார்த்துக்கொண்டிருக்கும் நாளில் வரும் குறிப்புகளை நான் இருமுறை படிப்பேன்.

பதில் (முன்னாள் செய்தித் தொடர்பு அலுவலர்):
மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்காதீர்கள். குறிப்பு பல மேசைகளைத் தாண்டி வருகிறது. ஒவ்வொரு மேசையிலும் ஏதாவது ஒன்று உதிர்ந்துவிடும். "தெரியாது" என்று நாங்கள் சொன்னால் பல நேரங்களில் அது உண்மை. அப்போது, அந்தக் கோப்பைக் கையாளும் அதிகாரியிடம் பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். கேள்வியை எழுத்தில், நாளின் தொடக்கத்திலேயே அனுப்புங்கள். மறுப்பு வந்தால் அது எதை மறுக்கிறது என்று பாருங்கள். தொகையை மறுத்துவிட்டுத் திட்டத்தைப் பற்றிப் பேசாமலே இருந்துவிடலாம்.

குறிப்பிட்ட நேரம் வரை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு பெரிய அறிக்கைகள் வந்தால் மதியுங்கள். ஆற அமரப் படிக்கத்தான் அந்த அவகாசம்.

கேள்வி (புதிய நிருபர்):
மிக்க நன்றி. கடுமையாகக் கேட்டால் சந்திப்புகளுக்கு அழைக்காமல் விட்டுவிட மாட்டார்களா? பெயர் சொல்லாமல் தரும் தகவலையும் அவர்களிடம்தானே வாங்க வேண்டியிருக்கிறது?

பதில் (நாடாளுமன்ற நிருபர்):
சந்திப்பை யார் நடத்துகிறார்கள் என்பது முக்கியம். ஜெர்மனியில் 1949 முதல் செய்தியாளர்களின் சங்கமே கூட்டத்தை நடத்துகிறது; அரசின் செய்தித் தொடர்பாளர்கள் வாரத்தில் மூன்று நாள் விருந்தினராக வந்து பதில் சொல்கிறார்கள். கேள்வி கேட்கும் வாய்ப்பை வழங்குவது செய்தியாளர்கள்தான். பிரிட்டனில் பிரதமர் அலுவலகத்தின் அன்றாட விளக்கங்கள், யார் சொன்னது என்று வெளிப்படையாகக் குறிப்பிடாமலே நெடுங்காலம் எழுதப்பட்டன. 1997-இல்தான் அவற்றைப் பிரதமரின் அதிகாரபூர்வச் செய்தித் தொடர்பாளர் கூறியதாக எழுதும் முறை வந்தது. சம்பளம் வாங்கிக்கொண்டு அரசுக்காகப் பேசுபவர் பதவிப் பெயரோடு பேசுவதுதான் முறை. ஆபத்தில் இருக்கும் கீழ்நிலை ஊழியருக்குத் தரும் மறைப்பை அவருக்கு ஏன் தர வேண்டும்? "பதவியைக் குறிப்பிடலாமா?" என்று பேச்சு தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அழைப்பு நின்றுவிடுமோ என்ற அச்சம் எனக்குப் புரிகிறது. செய்தித் தொடர்பாளர் நழுவினால், அடுத்து எழும் நிருபர் தன் கேள்வியை விட்டுவிட்டு உங்கள் கேள்வியையே கேட்க வேண்டும். இதைச் சக நிருபர்களோடு முன்கூட்டியே பேசி வையுங்கள். தணிக்கை அறிக்கை, நாடாளுமன்றக் குழுக்களின் ஆவணங்கள், ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு, நீதிமன்றத்தில் அரசே தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரம் ஆகியவற்றைப் படிக்க எந்த அலுவலகத்தின் அழைப்பும் தேவையில்லை. அடுத்த குறிப்பு வரும் முன் உங்கள் துறையின் கடைசித் தணிக்கை அறிக்கையைப் படித்துவிடுங்கள்.